பேரன் கைக்கு வந்த மதுரை: விஜயரங்க சொக்கநாதர் கதை

1/ போடி, சிலமலை பக்கம் பிறந்தவங்களுக்கு 'பாளையம்'ங்கிற சொல் புதுசு இல்ல. போடியே ஒரு பாளையம்தான். இப்படி 72 பாளையங்களைக் கட்டி ஆண்டது மதுரை நாயக்கர் அரசு. 1529-ல் விஸ்வநாத நாயக்கர் தொடங்கினது, 200 வருஷம் நின்னது. அது எப்படி விழுந்துச்சுன்னு பார்ப்போம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ கதை ஒரு நோயில ஆரம்பிக்குது. 1689. இளம் மன்னர் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் பெரியம்மையில் இறக்கிறார். மனைவி முத்தம்மாள் அப்போ நிறைமாத கர்ப்பிணி. குழந்தை பிறந்த கொஞ்ச நாள்ல அவரும் போயிட்டார்.

3/ ஜென்னர் தடுப்பூசி கண்டுபிடிக்க இன்னும் 107 வருஷம் இருக்கு. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிஞ்சதா அறிவிச்சது 1980-ல். அதுக்கு முன்னாடி அரண்மனை, குடிசைன்னு அது பார்த்ததே இல்ல. ஒரு கிருமி ஒரு அரசோட வாரிசு வரிசையையே மாத்திப் போட்டுச்சு.

4/ கைக்குழந்தைக்கு முடி சூட்டி, பாட்டி ராணி மங்கம்மாள் ஆட்சியை நடத்தினார். சாலை, சத்திரம், வாய்க்கால்னு அவர் பேர் இன்னைக்கும் நிக்குது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற மங்கம்மாள் சத்திரம் பார்த்திருப்பீங்க. தஞ்சை, மைசூர், மொகலாயர்னு எல்லாப் பக்கமும் நெருக்கடி. எங்க சண்டை, எங்க சமாதானம்னு தெரிஞ்ச அம்மா.

5/ 1706-ல் பேரன் கைக்கு ஆட்சி வருது. விஜயரங்க சொக்கநாதர். பாட்டியை அடைச்சு வச்சுப் பட்டினி போட்டே கொன்னுட்டாங்கன்னு மக்கள் வாயில ஒரு கதை உண்டு. அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனா அப்படி ஒரு கதை பிறந்ததே, புது ஆட்சியை ஜனங்க எப்படிப் பார்த்தாங்கன்னு சொல்லுது.

6/ இவர் கொடுங்கோலர் இல்ல. அதுதான் இதுல சிக்கலே. பக்திமான். தெலுங்குல எழுதினவர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய கோயில் யாத்திரை, போற இடமெல்லாம் வாரி வாரிக் கொடை. ஸ்ரீரங்கம் கோயில்ல அவரும் குடும்பமும் நிக்கிற ஆளுயரச் சிலைகள் இன்னும் இருக்கு.

7/ அரசாங்கத்தை யார் பார்த்தா? அமைச்சர்களும் தளவாய்களும். பாட்டி சேர்த்து வச்சது கரைஞ்சுகிட்டே இருந்தது. கேட்க வேண்டியவர் கேட்கல.

8/ ராமநாதபுரத்தில் சேதுபதி பட்டத்துக்குச் சண்டை வந்தப்போ, முடிவை எழுதினது தஞ்சை மராத்தியர். 1730 வாக்கில் சீமை பிரிஞ்சு சிவகங்கை தனியானது. ஒரு காலத்தில் சேதுபதிகளுக்கு மேலாண்மை செஞ்ச மதுரை, ஓரமா நின்னு வேடிக்கை பார்த்துச்சு.

9/ எங்க வார்டு மொழியில சொல்றேன். வயித்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசியற நோயாளி நடந்தே வருவார். "லேசா அசதி, சார்" அப்படிம்பார். ஹீமோகுளோபின் பார்த்தா அஞ்சு. உடம்பு பழகிக்கிட்டே வந்ததால வெளியே தெரியாது. அதுக்கப்புறம் ஒரு சின்ன காய்ச்சல் போதும், சாய்ச்சிடும். இந்த 26 வருஷ ஆட்சி அப்படித்தான்.

10/ அந்தக் காய்ச்சல் 1732-ல் வந்தது. மன்னர் இறந்தார், பிள்ளை இல்ல. மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்து, உறவுக்காரர் வங்காரு திருமலையோட மகனைத் தத்து எடுத்தார். அந்த வங்காருவே "பட்டம் எனக்குத்தான்"னு கிளம்பினார். கூடவே ஒரு தளவாயும்.

11/ இதே கதையை ஸ்பெயின்லயும் பார்க்கலாம். காஸ்டில் நாட்டு மன்னர் நான்காம் என்ரிக்கே, 1454 முதல் 1474 வரை. ஆண்மையற்றவர்னே பட்டப்பேர். அவர் மகள் ஹுவானா அவருக்குப் பிறந்தவளே இல்லன்னு பிரபுக்கள் கிளப்பிவிட்டாங்க. 1465-ல் ஆவிலா நகர்ல அவரை மாதிரி ஒரு பொம்மை செஞ்சு, கிரீடத்தைப் பிடுங்கிக் கீழே தள்ளினாங்க!

12/ அவருக்கு என்ன நோய் இருந்திருக்கும்னு மரன்யோன்னு ஒரு ஸ்பானிஷ் டாக்டர் 1930-ல் புத்தகமே எழுதினார். ஆனா அங்க ஒரு வித்தியாசம். போர் முடிஞ்சு தங்கை இசபெல்லா நாட்டை இறுக்கிப் பிடிச்சார். அவருக்குப் பக்கத்து நாட்டுக் கணவரும் படையும் இருந்தது. நம்ம மீனாட்சிக்குக் காலி கஜானாதான் மிச்சம்.

13/ 1734-ல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி, மகன் சஃப்தர் அலியையும் மருமகன் சந்தா சாகிப்பையும் தெற்கே அனுப்பினார். வங்காரு ஒருத்தர்கிட்ட பேரம் பேசினார், மீனாட்சி இன்னொருத்தர்கிட்ட. சந்தா சாகிப் சத்தியம் செஞ்சு கொடுத்தார். ராணி நம்பினார்.

14/ கொஞ்ச வருஷத்துல சந்தா சாகிப் திரும்பி வந்து திருச்சிக் கோட்டையைத் தனதாக்கிக்கிட்டார். மீனாட்சி விஷம் குடிச்சு உயிரை விட்டார். மதுரை நாயக்கர் ஆட்சி அதோட முடிஞ்சது. வீட்டுச் சண்டைக்கு வெளியாளை நாட்டாமைக்குக் கூப்பிட்டா, வீடு நாட்டாமைக்குத்தான்.

15/ அதுக்கப்புறம் ஜனங்க பாடு? 1741-ல் மராத்தியர், 1743-ல் நிஜாம், பிறகு ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள். நம்ம பக்கம் திண்டுக்கல் சீமை மைசூர் கைக்குப் போய், 1755-ல் ஹைதர் அலி அங்க அதிகாரியா வந்தார். 1792-ல் அது கம்பெனி கையில. ஒவ்வொரு படையும் கேட்டது நெல்லும் பணமும். கொடுத்தவன் விவசாயி.

16/ நல்ல மனுஷனா இருக்கிறது வேற, பொறுப்பைப் பார்க்கிறது வேற. கொடுங்கோலனை ஊரே அடையாளம் கண்டு திட்டும். கணக்குக் கேட்காத நல்லவரை யாரும் திட்டமாட்டாங்க, சிலைதான் வைப்பாங்க. அந்தச் சிலையைப் பார்த்தா கும்பிடுங்க. கூடவே, அடுத்து வந்த மீனாட்சியையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. கடைசி பில்லைக் கட்டினது அவங்கதான்.

17/ உங்க ஊர்ப் பாளையத்தைப் பத்திப் பெரியவங்க சொன்ன கதை இருந்தா கீழே எழுதுங்க. டியூட்டி முடிஞ்சதும் எல்லாத்தையும் படிக்கிறேன்.