பொன்னும் சில்லும்: சூதாட்ட மேசையை விட்டு ரொக்கம் அகன்ற வரலாறு

வடமொழியில் 'பண' என்னும் சொல் சூதில் வைக்கும் பந்தயப் பொருளையும் நாணயத்தையும் ஒருங்கே குறித்தது என்பதும், நாம் நாள்தோறும் வழங்கும் பணம், பணயம் ஆகிய இரண்டும் அதன் வழிவந்தவை என்பதும் சொல்லாராய்ச்சியாளர் அறிந்தவை. இவ்வளவு நெருங்கிய உறவுடைய அந்தப் பணம், இன்றைய காசினோ மேசைகளில் ஏறக்குறைய தீண்டத்தகாததாகி, வண்ணச் சில்லுகளுக்குத் தன் ஆசனத்தை விட்டுக்கொடுத்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் விஷயம். சில்லைக் கையாளுபவன் பணத்தின் அருமையை மறந்து தாராளமாக இழப்பான் ஆதலால், விடுதிக்காரர்கள் தந்திரமாக அதைப் புகுத்தினர் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இந்தச் சமாதானம் சில்லை விடுதிக்காரர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பதற்குப் பொருந்துமேயன்றி, அது எப்போது, எந்த நிர்ப்பந்தத்தால் வந்தது என்பதற்குப் பொருந்தாது.

ஏனெனில் சில்லு புதிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் பிரபுக்கள், தங்கள் குலச்சின்னத்தைப் பொறித்த முத்துச்சிப்பிச் சில்லுகளைச் சீனத்துக் கான்டன் நகரிலிருந்து தருவித்து, வீட்டுச் சீட்டாட்டங்களில் பயன்படுத்தினர். அங்கே கூடியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆட்டம் முடிந்ததும் கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அவர்களிடையே இருந்தது. வெனிஸ் நகர அரசு 1638 இல் திறந்து 1774 இல் மூடிய 'ரிடோட்டோ' என்னும் பொதுச் சூதாட்ட மண்டபத்தின் நிலையோ வேறு. அங்கே பிரபுக்கள் மட்டுமே வங்கி, அதாவது பந்தயங்களுக்கு ஈடு கொடுக்கும் முதல், வைத்து நடத்த, ஆட வந்தோர் முகமூடி அணிந்து வந்தனர். முகமூடி அணிந்தவனுக்குக் கடன் கொடுப்பார் யார்? ஆகவே, அறிமுகமற்றோர் கூடிய இடத்தில் பொற்காசே பேசிற்று. சில்லு என்பது நம்பிக்கையின் சின்னம். அந்நியர்களிடையே அந்த நம்பிக்கை உருவாகும்வரை அது வீட்டுக்கூடத்தைத் தாண்டவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய நீராட்டு நகரங்களில் ரூலெட் என்னும் சுழற்சக்கர ஆட்டம் செழித்த காலத்திலும் இதே நிலைதான். தாஸ்தாயெவ்ஸ்கி 1866 இல் எழுதிய 'சூதாடி' நாவலில், சக்கர நாற்காலியில் வரும் பாட்டியம்மாள் பூஜ்யத்தின்மேல் விடாப்பிடியாகப் பொன் வைத்து வெல்லும்போது, அவளுக்குக் கிடைப்பது ஐம்பது ஃப்ரெடெரிக் பொற்காசுகளைச் சுருட்டி முத்திரையிட்ட கனத்த பொட்டலமும், அதனோடு எண்ணித் தரும் உதிரிக்காசுகளுமே. அந்தப் பொட்டலத்தைக் கவனிக்க வேண்டும். நாணயம் ஒரே எடையும் ஒரே பருமனும் உடையதாதலின், அடுக்கி வைத்தால் உயரத்தைக் கொண்டே தொகையை அறியலாம். நீண்ட கைப்பிடியுள்ள வாரியால் ஒரே இழுப்பில் சேர்க்கலாம். இன்று சில்லுக்கு உரியனவாக நாம் எண்ணும் குணங்கள் அனைத்தும் அப்போது காசுக்கே இருந்தன.

ஹோம்பர்க்கில் சூதாட்ட விடுதி நடத்திப் பொருள் சேர்த்த பிரான்சுவா பிளாங்க், 1863 இல் மோனகோவின் சூதாட்ட உரிமையைப் பெற்று மான்டி கார்லோவை வளர்த்தார். 1872 இறுதியில் ஜெர்மனி தன் சூதாட்ட விடுதிகளை மூடியபோது, ஐரோப்பியச் சூதாடிகள் அனைவர்க்கும் அதுவே புகலிடமாயிற்று. அங்கே ரூலெட்டில் வைக்கத்தக்க குறைந்தபட்சப் பந்தயம் 5 பிராங்க், அதாவது இருபத்தைந்து கிராம் எடையுள்ள ஒரு வெள்ளிக்காசு. சீட்டாட்டமாகிய 'திராந்த்-எ-கராந்த்' மேசையில் 20 பிராங்க் பொற்காசுக்குக் குறைந்து வைத்தல் கூடாது. பெருந்தொகை வைப்போர் ஆயிரம் பிராங்க் நோட்டுகளையும் வைத்தனராயினும், மேசையின் அழகும் ஓசையும் பொன்னுடையவையே. ஒவ்வொரு மேசைக்கும் அன்றாடம் குறிப்பிட்ட முதல் ஒதுக்கப்பட்டு, அது தீர்ந்தால் கறுப்புத் துணி போர்த்தி, கஜானாவிலிருந்து புது முதல் வரும்வரை ஆட்டத்தை நிறுத்தும் சடங்கு ஒன்றும் இருந்தது. 1891 இல் சார்லஸ் வெல்ஸ் என்னும் ஆங்கிலேயர் 'வங்கியை உடைத்தார்' என்று உலகெங்கும் பேசப்பட்டது இந்தச் சடங்கைத்தானேயன்றி, விடுதி திவாலானதை அன்று.

இந்த உலகம் 1914 ஆகஸ்டில் முடிந்தது. போர் மூண்டதும் பிரான்ஸ் நோட்டுக்குப் பொன் தருவதை நிறுத்தியது. மக்கள் பொன்னைப் பதுக்கினர். அரசு அதைக் கேட்டு வாங்கியது. செலாவணியில் எஞ்சியது காகிதம். போருக்குப் பின் மான்டி கார்லோ சென்றவர்கள் கண்டவை வட்டச் சில்லுகளும், பெருந்தொகைக்கு உரிய செவ்வகப் பட்டைகளுமே. பொன் போன இடத்தில் காகிதம் அமரவில்லை, சில்லு அமர்ந்தது என்பதே இங்கு உற்றுநோக்கத்தக்கது.

நாணயம் மறைந்ததே சில்லு வரக் காரணம் என்னும் அனுமானத்திற்கு வலுவூட்டும் இரண்டாவது சாட்சி அமெரிக்காவின் நெவாடா. 1931 மார்ச்சில் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய அந்த மாநிலத்தில், மேசைகளில் சில்லுகளோடு வெள்ளி டாலர்களும் தோளோடு தோள் நின்றன. 38 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 27 கிராம் எடையும் கொண்ட அந்தக் காசுகள் இருபதைச் சட்டைப்பையில் போட்டால் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். இன்றைய காசினோச் சில்லின் விட்டம் 39 மில்லிமீட்டர். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் வேற்றுமை கண்ணுக்குப் புலப்படாது. வெள்ளியின் விலையேறி, மக்கள் மூட்டை மூட்டையாக வாங்கிச் செல்லவே, 1964 மார்ச்சில் அமெரிக்கக் கருவூலம் வெள்ளி டாலர் வழங்குவதை நிறுத்தியது. அடுத்த ஆண்டிலேயே நெவாடா விடுதிகள் தம் பெயர் பொறித்த உலோக டோக்கன்களை வார்ப்பித்துக்கொண்டன. அரை நூற்றாண்டு இடைவெளியில், இரு கண்டங்களில், ஒரே கதை.

காகித நோட்டு ஏன் தோற்றது? மடிந்த நோட்டின் அடியில் நூறு டாலர் ஒன்று ஒளிந்திருக்கலாம். வென்றால் அதைக் காட்டி, தோற்றால் மறைத்துவிடலாம். உயரத்தால் எண்ண இயலாது. கள்ள நோட்டு வேறு. ஆகவேதான் இன்றும் டீலர் ஆட்டக்காரரின் கையிலிருந்து பணம் வாங்குவதில்லை. அவர் மேசைமேல் வைக்க வேண்டும். டீலர் நோட்டுகளை விசிறிபோல் விரித்து, மேற்பார்வையாளர் செவிப்படத் தொகையை உரக்கக் கூறி, சில்லு கொடுத்தபின், மேசையிலுள்ள பிளவு வழியே கட்டையால் தள்ளிவிடுவார். மாற்றாமல் நோட்டையே பந்தயமாக வைக்க இசையும் மேசைகளில், "மணி ப்ளேஸ்" என்று குரல் கொடுப்பது சம்பிரதாயம்; வென்றாலும் ஈவது சில்லே.

இச்சம்பிரதாயத்தின் உச்சத்தை லாஸ் வேகாஸின் பினியன் ஹார்ஸ்ஷூ விடுதியில் காண முடிந்தது. முதல் பந்தயம் எவ்வளவோ அவ்வளவே உமது உச்சவரம்பு என்று விடுதியின் நிறுவனர் பென்னி பினியன் அறிவித்திருந்ததை நம்பி, 1980 இல் டெக்சாஸ்காரர் ஒருவர் பெட்டி நிறைய 7,77,000 டாலர் ரொக்கத்தோடு வந்து, கிராப்ஸ் என்னும் பகடையாட்ட மேசையில் அத்தனையையும் ஒரே பந்தயமாக வைத்து வென்றார். அதே விடுதியில் நூறு பத்தாயிரம் டாலர் நோட்டுகள் கண்ணாடிக்குள் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டு, வருவோர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டனர். ரொக்கம் வழிபடு பொருளானதற்கு இதைவிடப் பிரத்தியட்சம் வேண்டியதில்லை. பின்னர்ச் சட்டமும் நெருக்கியது. 1985 முதல் அமெரிக்க காசினோக்கள் நிதிநிறுவனங்களாகக் கருதப்பட்டு, 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றங்களை அரசுக்கு அறிவிக்கும் கடமைக்கு உட்பட்டன.

இவ்வாறு நாணயச்சாலையின் பதவியை விடுதியே ஏற்றது. அப்பதவிக்குரிய அதிகாரத்தையும் ஏற்றது. நம் நாட்டில் 1978 இல் பெருமதிப்பு நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டதை ஒத்த நிகழ்ச்சி ஒன்று, 2010 டிசம்பருக்குப் பின் லாஸ் வேகாஸின் பெலாஜியோவில் நிகழ்ந்தது. அந்த டிசம்பரில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன், தலைக்கவசமும் துப்பாக்கியுமாகக் கிராப்ஸ் மேசையை மிரட்டி, சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சில்லுகளை அள்ளிச் சென்றான். விடுதியோ தன் 25,000 டாலர் சில்லு வரிசை முழுவதும் 2011 ஏப்ரல் 22 க்குப் பின் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ரொக்கமாக இருந்திருந்தால் எந்தக் கடையிலும் செலவழித்திருப்பான். சில்லாகப் போனதால் வாங்குவார் தேடி அலைந்து, வாங்குபவர்போல் வந்த போலீசாரிடமே அவற்றை விற்க முயன்று அகப்பட்டான்.