மதம் மாற அழைக்காத யூத சமயம்

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயம் இருப்பது பலருக்கும் தெரியும். அதே சாலையில்தான் 1878ல் திறக்கப்பட்ட மகைன் அபோத் யூத ஆலயமும் உள்ளது. நாட்டின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் இச்சமூகத்தைச் சேர்ந்தவர்.

யூதர்கள் பிறரைத் தங்கள் சமயத்துக்கு அழைப்பதில்லை. நல்லவராக வாழ யூதராக வேண்டியதில்லை என்பது அவர்களின் கொள்கை. யூதர்களுக்கு 613 கட்டளைகள். மற்றவர்களுக்கு ஏழு மட்டுமே. கொலை, திருட்டு, முறைகேடான உறவு ஆகியவற்றைத் தவிர்ப்பதும் நீதிமன்றம் அமைப்பதும் அவற்றுள் சில.

சிலை வழிபாடு கூடாது என்பதும் அந்த ஏழில் ஒன்று. ஆனால், இந்துக்கள் வணங்குவது ஒரே பரம்பொருளைத்தான் என்று 2008ல் ஜெருசலத்தில் நடந்த இந்து, யூத சமயத் தலைவர்களின் சந்திப்பு அறிவித்தது.

விரும்பி வருபவரை யூத குருவான ராபை உடனே ஏற்பதில்லை. மும்முறை திருப்பி அனுப்புவது மரபு. நீண்டகாலக் கல்விக்குப் பின் மூவர் கொண்ட சமய மன்றம் விசாரிக்கும். ஆண்களுக்கு விருத்தசேதனம், இருபாலருக்கும் புனித நீராடல் உண்டு. சேர்ந்தபின் அவரது பழைய பிறப்பைச் சொல்லிக்காட்டுவது பாவம். தாவீது மன்னரின் கொள்ளுப்பாட்டி ரூத்தும் அவ்வாறு வந்தவரே.

மரபுவழி ஆலயங்களில் கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் தேவை. வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளில் வாகனம் ஓட்டக் கூடாது என்பதால் பலர் ஆலயத்துக்கு நடந்து செல்லும் தூரத்திலேயே குடியிருக்கின்றனர். சிறிய சமூகத்தில் ஒருவர் வராவிட்டாலும் தொழுகை தடைபடலாம்.