மறைந்துபோன ஒரு வித்தியாசாலை

ஐக்கிய அமெரிக்காவில், மிச்சிகன் ஏரியின் தென்கரையிலுள்ளது கேரி நகரம். மணல்மேடாய்க் கிடந்த அவ்விடத்தை 1906ஆம் ஆண்டில் உருக்குக் கம்பெனியொன்று நகரமாக்கியது. ஐரோப்பாவின் பல தேசங்களிலிருந்தும், பின்னர் அமெரிக்காவின் தென்மாகாணங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர். இவர்தம் பிள்ளைகளுக்காக 1912இல் எழுந்ததே புரோபல் பாடசாலை. பாலர் கல்விமுறையை வகுத்த ஜெர்மானியப் பேரறிஞரின் பெயரையே அது தாங்கியிருந்தது.

நகரக் கல்வி அதிபராயிருந்த வில்லியம் வேர்ட் என்பார் புதுமுறையொன்றை அங்கு நடத்தினார். மாணாக்கரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதி வகுப்பிற் படிக்கையில் மறுபகுதி தொழிற்கூடத்திலும் விளையாட்டரங்கிலும் பயிலும்படி செய்தார். இரவில் பெற்றோரும் வந்து ஆங்கிலங் கற்றனர். தத்துவ ஞானி ஜோன் டூயி 1915இல் வெளியிட்ட நூலில் கேரிப் பாடசாலைகளைப் பாராட்டியெழுதினார்.

ஆயினும், அன்பர்களே, விளக்கின் அடியிலும் இருள் உண்டன்றோ! வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வாயிலால் உட்சென்ற அப்பாடசாலையில், நீச்சற் குளத்தில் அவர்கள் ஒன்றாக இறங்க இடமிருக்கவில்லை. கறுப்பின மாணவர்க்குப் பல சங்கங்களின் கதவுகளும் அடைபட்டிருந்தன. அதிபர் ஒருவர் இவ்வேற்றுமையைக் களைய முயன்றபோது, 1945 செப்டெம்பரில் வெள்ளை மாணவர் நூற்றுக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்து, அவரை நீக்குமாறு கோரினர். பிரபல பாடகர் பிராங் சினாத்திரா நவம்பர் 1ஆம் திகதி அந்நகருக்கு நேரில் வந்து புத்தி சொல்லியும் அவர்கள் உடனே இணங்கவில்லை. நவம்பர் நடுப்பகுதியளவிலேயே வகுப்புக்குத் திரும்பினர்.

இக்கலகத்தினின்றும் ஒரு நன்மை விளைந்தது. இனத்தைக் காட்டி எந்தப் பிள்ளையையும் ஒதுக்கலாகாதென 1946 ஆகஸ்டில் நகரக் கல்விச் சபை தீர்மானித்தது. 1949இல் இந்தியானா மாநிலம் முழுவதுக்கும் அவ்வாறே சட்டம் பிறந்தது. ஆனால் குடியிருப்புகள் பிரிந்தே கிடந்தமையால் வகுப்புகளும் பிரிந்தே கிடந்தன. தீர்மானம் எழுதுவது ஒரு நாள் வேலை; மனம் மாறுவதோ ஒரு தலைமுறை வேலை.

உருக்குத் தொழில் மெலிய நகரமும் மெலிந்தது. 1960இல் 178,000க்கு மேலிருந்த சனத்தொகை 2020இல் 69,000 அளவாகக் குறைந்தது. புரோபல் பாடசாலை 1977இல் மூடப்பட்டது. பல்லாண்டு பாழடைந்து கிடந்த கட்டடம், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இடித்தகற்றப்பட்டது.

கல்லுஞ் சுண்ணாம்பும் போயின, பாடம் போகவில்லை. வாயிலைத் திறந்துவிடுதல் மட்டும் சமத்துவமாகாது. உள்ளே வந்த பிள்ளைக்கு எவ்விடத்தில் இருக்கை கொடுத்தோம் என்பதே கேள்வி. கலைக்கூடங் கட்டும் பெரியோரும், அதிற் பயிலும் வாலிபரும் இதனைச் சிந்தித்தல் நன்று.