தொட்டுக் குணமாக்கப் படித்தவர்கள்

1894இல் லண்டனில் மசாஜ் என்றாலே முகம் சுளித்தார்கள். அந்தப் பெயரில் விபசாரம் நடப்பதாக பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எச்சரித்திருந்தது. தொழிலின் மானம் காக்க ரோசலிண்ட் பேஜெட் உள்ளிட்ட நான்கு செவிலியர்கள் சங்கம் தொடங்கினார்கள். படிப்பு, தேர்வு, சான்றிதழ் எல்லாம் வந்தன. மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் சிகிச்சை தரக்கூடாது என்ற விதியும் வந்தது. அந்தக் காலத்துக்கு இப்படியொரு சங்கம் தொடங்கியது பெரும் துணிச்சல்.

1920இல் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது.

பின்னாளில் பிசியோதெரபியாக வளர்ந்த இந்தப் படிப்பை நடனத்துக்குக் கொண்டுபோனவர்களில் சீலியா ஸ்பார்ஜர் முக்கியமானவர். பாலே ஆசிரியர்களுக்காக 1949இல் உடற்கூறு நூலொன்றை எழுதினார். பாலேயில் பாதம் வெளிப்புறம் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டில் பிறக்க வேண்டும்; பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். முழங்கால் வலியோடு வரும் மாணவிக்கு இடுப்பையும் சோதிப்பது அதனால்தான்.