பட்டறைப் பயிற்சியாளரின் பாடநூல்: தமிழர் ஜப்பானிய மொழி பயின்ற வரலாறு

பழமலைநாதர் கோயிலால் அறியப்பட்ட பழைய திருமுதுகுன்றமாகிய விருத்தாசலம், நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணை அருகில் பெற்றிருந்தமையால், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீங்கான் தொழிற்பேட்டையும் அத்தொழிலுக்கான அரசு கல்விக்கூடமும் அமைந்த நகரமாக வளர்ந்தது. சூளையையும் அச்சையும் நம்பி வாழும் இத்தகைய ஊர்களின் தொழிலாளரையும் தொழில்நுட்பரையும் ஒத்தவர்களுக்காகவே, இன்று உலகெங்கும் தொடக்கநிலை மாணவர் பயிலும் ஜப்பானியப் பாடநூல் ஒன்றின் மூலவடிவம் எழுதப்பட்டது.

தமிழர் பெருந்தொகையாக ஜப்பானிய மொழியை எதிர்கொண்டது அதற்கு முன்பே, மிகக் கொடிய சூழலில் நிகழ்ந்தது. 1942 முதல் 1945 வரை மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது பள்ளிகளில் அம்மொழி புகுத்தப்பட்டது. சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்க்கோ அது ஆணையின் மொழியாக மட்டுமே இருந்தது.

போருக்குப் பிந்தைய உறவு வேறு வகையில் தொடங்கியது. வளரும் நாடுகளின் தொழில்நுட்பரை ஜப்பானிய ஆலைகளில் பயிற்றுவிப்பதற்காக 1959இல் ஏ.ஓ.டி.எஸ். என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. ஆசிய மாணவர்க்கான ஏ.பி.கே. என்னும் பண்பாட்டு இல்லத்தையும் இவ்வமைப்பையும் உருவாக்கியதில் கோயிச்சி ஹொசுமி முதன்மைப் பங்கு வகித்தார். அங்குப் பயிற்சி பெற்றுத் திரும்பிய தமிழ்நாட்டினர் சென்னையில் அமைத்த ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், அதாவது பழைய மாணவர் சங்கம், ஜப்பானிய மொழி வகுப்புகளை நடத்தி வருகிறது. ஆலைப் பயிற்சியாளர்க்காக ஏ.ஓ.டி.எஸ். உருவாக்கி 1990இல் வெளிவந்த 'ஷின் நிஹொங்கோ நோ கிசோ' என்ற நூலை அடிப்படையாகக் கொண்டே, 1998இல் பொதுவாசகர்க்கான 'மின்னா நோ நிஹொங்கோ' தோன்றியது.

இந்நூல்வழி பயிலும் தமிழ் மாணவர், ஆங்கிலவழி பயில்வோர் அறியாத ஒரு வசதியைப் பெற்றுள்ளார். 'சூளையில் பாத்திரத்தைச் சுடுகிறேன்' என்பதை ஜப்பானியர் 'கமா டெ உட்சுவா ஓ யாகிமஸ்' என்பர். கமா சூளை, உட்சுவா பாத்திரம், யாகிமஸ் சுடுதலைக் குறிக்கும் வினை, 'டெ'யும் 'ஓ'வும் நம் வேற்றுமை உருபுகளைப் போலப் பெயருக்குப் பின்வரும் இடைச்சொற்கள். சொல் வரிசை ஒன்றே. 'யாயிதா உட்சுவா' என்பது சுட்ட பாத்திரம் என்னும் பெயரெச்சத் தொடர். 'யாயிதெ' என்பது 'சுட்டு' என்னும் வினையெச்சத்துக்கு நிகரானது. அதனுடன் காணுதலைக் குறிக்கும் 'மிரு' சேர்ந்தால் சுட்டுப் பார் என்றும், வைத்தலைக் குறிக்கும் 'ஒகு' சேர்ந்தால் சுட்டு வை என்றும் தமிழ்த் துணைவினைகளின் பொருளையே தருகிறது. ஆங்கில விளக்கத்தில் பல பத்திகள் கோரும் இவ்விலக்கணம் தமிழருக்கு ஒரே எடுத்துக்காட்டில் விளங்கிவிடும்.

இடர்ப்பாடுகள் வேறிடத்தில் உள்ளன. தமிழின் 'இல்' உருபு ஒன்றே நிற்கும் இடத்தில், செயல் நிகழுமிடத்துக்கு 'டெ' என்றும் பொருள் இருக்குமிடத்துக்கு 'நி' என்றும் ஜப்பானியம் பிரிக்கிறது. உயிருள்ளவற்றின் இருப்புக்கு 'இரு', உயிரற்றவற்றுக்கு 'அரு' என வினை வேறுபடுவதைத் திணைப் பாகுபாடு அறிந்த தமிழர் எளிதில் ஏற்பர் எனினும், மாடும் நாயும் மனிதரோடு ஒரே வினையைப் பெறுவது அவர்க்குப் புதிது. எண்ணும்போது தட்டு போன்ற தட்டையான பொருளுக்கு 'மாய்' என்றும் குழாய் போன்ற நீண்ட பொருளுக்கு 'ஹொன்' என்றும் அளவுச்சொற்கள் மாறுவதையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

இவ்வொற்றுமைகளிலிருந்து மொழிக்குடும்ப உறவை நிறுவ முயன்றவர் கக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919-2008). பொற்கோ, யாழ்ப்பாணத்தின் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவருடன் இணைந்து உழைத்தனர். ஓனோவின் முடிவைப் பெரும்பாலான ஒப்பியல் மொழியறிஞர் ஏற்கவில்லை. அவர்களது மறுப்பு நியாயமானதே, ஏனெனில் நம் 'இரு'வும் அவர்களது 'இரு'வும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது போன்ற தற்செயல் ஒற்றுமைகள் எந்த இரு மொழிகளிடையேயும் கிடைக்கக்கூடியவை. உறுதியான தொடர்பு ஒன்று எழுத்து வரிசையில் உண்டு. பௌத்தத் துறவிகள் வடமொழி எழுத்திலக்கணத்தைப் பயின்றதன் விளைவாக, ஜப்பானிய அசையெழுத்துகள் அ, இ, உ, எ, ஒ என்ற உயிர்களுக்குப் பின் க, ச, த, ந என இந்திய முறையிலேயே அடுக்கப்பட்டன. 11ஆம் நூற்றாண்டிலேயே இதற்குச் சான்று உள்ளது.

குடும்ப உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமைப்பொற்றுமை கற்பவருக்குக் கிடைத்த முதலாகும். அதைப் பயன்படுத்தாமல், தமிழறிந்த மாணவரை ஆங்கில விளக்கத்தின் வழியே ஜப்பானிய இலக்கணத்துக்கு அழைத்துச் செல்வது வீண் சுற்று. தமிழிலக்கணக் கலைச்சொற்களைக் கொண்டே விளக்கும் தொடக்கநிலை நூல்கள் பெருக வேண்டும். அவை சென்னையோடு நின்றுவிடாமல் விருத்தாசலம் போன்ற தொழில் நகரங்களின் கல்விக்கூடங்களையும் சென்றடைய வேண்டும்.