அயர்லாந்துத் தேவாலயப் பதிவேடுகளும் முன்னோர் புதைவிடத் தேடலும்: இராபர்ட் எம்மெட் கல்லறையை முன்வைத்து

முன்னுரை

தமிழாய்வாளர்க்கு அயர்லாந்து என்றதும் நினைவுக்கு வருபவர் கால்டுவெல். 1814இல் அந்நாட்டின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்த அவர் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டிருப்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் அவர் பிறந்த நாட்டில் அக்காலத்தே மாண்டவர்களின் புதைவிடத்தைச் சான்று காட்டி நிறுவுதல் எளிதன்று. 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து குடியேறிய அயர்லாந்தினரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் கல்லறையைத் தேடும்போது முதலில் நாடுவன தேவாலயப் பதிவேடுகளே. அப்பதிவேடுகள் புதைவிடம் குறித்து எவற்றைக் கூறும், எவற்றைக் கூறா என்பதை, விடுதலை வீரர் இராபர்ட் எம்மெட்டின் கல்லறையைத் தேடிய வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரே மண், இரு ஏடுகள்

சமயச் சீர்திருத்தத்திற்குப் பின்னர்ப் பழைய பங்குத் தேவாலயங்களும் அவற்றைச் சூழ்ந்த கல்லறைத் தோட்டங்களும் அரசு சார்ந்த அயர்லாந்துத் திருச்சபையின் வசமாயின. மக்களுள் பெரும்பான்மையோர் கத்தோலிக்கராகவே நீடித்தனர். எனினும், இறந்தபின் தம் மூதாதையர் கிடந்த அதே மண்ணையே அவர்கள் அடைந்தனர். ஆகவே, ஒருவருடைய திருமுழுக்கும் திருமணமும் கத்தோலிக்கக் குருவின் ஏட்டில் இருக்க, அவர் உடலோ மற்றொரு சபையின் தோட்டத்தில் இருந்தது. திருமுழுக்கும் திருமணமும் கத்தோலிக்கர்க்கு அருளடையாளங்கள். மண உறவில் தடையுண்டா என்பதை அறியவும் அவற்றின் பதிவு வேண்டியிருந்தது. அடக்கம் அத்தகையதன்று. அடக்கப் பதிவுகளைக் கொண்ட கத்தோலிக்கப் பங்கேடுகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

குழியருகே நின்று செபிக்கும் உரிமையே வழக்குக்குரியதாக இருந்தது. 1823இல் டப்ளின் புனித கெவின் கல்லறைத் தோட்டத்தில் கத்தோலிக்கக் குரு ஒருவர் செபிக்க முற்பட்டபோது தடுக்கப்பட்டார். அதனால் எழுந்த கொதிப்பின் பின், உரிய இசைவு பெற்றுப் பிற சபைக் குருமாரும் அத்தோட்டங்களில் சடங்கு நடத்த 1824ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. டேனியல் ஓ'கானல் முன்னின்ற முயற்சியால் 1832இல் எச்சமயத்தவரும் அடங்கத்தக்க கிளாஸ்னெவின் பொதுக் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் பதிவேடு முறையாகப் பேணப்பட்டமையால், 1832க்குப் பிந்திய டப்ளின் கத்தோலிக்கரைத் தேடுவது ஓரளவு எளிதாகிறது.

இவ்வரலாற்றை அறியாதவர், கத்தோலிக்க முன்னோரைக் கத்தோலிக்க ஏட்டில் மட்டுமே தேடி ஏமாறுகின்றனர். அயர்லாந்துத் திருச்சபையின் அடக்கப் பதிவேடுகளில் கத்தோலிக்கர் பெயர்களும் இடம்பெறுவதுண்டு. அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015இல் கத்தோலிக்கப் பங்கேடுகளின் படிமங்களைக் கட்டணமின்றி இணையத்தில் வெளியிட்டது பெரும்பணி. ஆயினும் அவ்வேடுகளைப் புரட்டுவோர்க்கு இலத்தீன் ஒரு தடை. ஊரார் ஜேம்ஸ் என்றழைத்தவர் ஏட்டில் யாக்கோபஸ், வில்லியம், குலியெல்மஸ். அரசின் இறப்புப் பதிவு 1864இல் தொடங்கியது. அது இறந்த இடத்தையும் காரணத்தையும் தருமேயன்றிப் புதைத்த இடத்தைத் தருவதில்லை.

எரிந்தவையும் எழுதப்படாதவையும்

1869ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அயர்லாந்துத் திருச்சபை 1871இல் அரசுச் சார்பினின்று நீங்கியது. அதன் பழைய பதிவேடுகள் அரசு ஆவணங்களாக அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ ஆயிரம் பங்குகளின் ஏடுகள் பாதுகாப்புக் கருதி டப்ளின் பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டன. 1922 சூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் அக்காப்பகம் வெடித்து எரிந்தது. அங்கிருந்த பங்கேடுகளுள் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கன. நல்ல காப்பறை இருந்ததால் தம் ஏடுகளைத் தாமே வைத்துக்கொண்ட பங்குகளின் ஏடுகள் தப்பின. பாதுகாப்புக்கென அனுப்பியவை அழிய, ஊரிலேயே நின்றவை பிழைத்தமை எண்ணத்தக்கது.

எரிந்தவற்றுக்காக வருந்தும் நாம், எழுதப்படாதவற்றை மறந்துவிடலாகாது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஸ்கிபெரீன் ஊரை அடுத்த அபிஸ்ட்ரூரியில் ஆயிரக்கணக்கானோர் பெருங்குழிகளில் பெயரின்றி இடப்பட்டனர். திருமுழுக்குப் பெறாது இறந்த குழந்தைகள் ‘கில்லீன்’ எனப்படும் மந்திரிக்கப்படாத நிலங்களில் புதைக்கப்பட்டனர். சடங்கு நிகழாமையால் அவர்களுக்கு ஏட்டில் இடமில்லை. தேவாலயப் பதிவேடு உடலைப் பதிவு செய்வதன்று. உடலின்மேல் நிகழ்ந்த சடங்கையே பதிவு செய்வது. இவ்வேறுபாட்டை எம்மெட்டின் வரலாறு நன்கு காட்டுகிறது.

எழுத்தில்லாக் கல்

எம்மெட் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமன்று; அரசு சார்ந்த திருச்சபையைச் சேர்ந்தது. 1778 மார்ச்சு 4 அன்று பிறந்த இராபர்ட், டப்ளின் புனித பேதுரு தேவாலயத்தில் திருமுழுக்குப் பெற்றார். அரசு மருத்துவராயிருந்த தந்தை 1802 டிசம்பரில் மறைந்து அத்தேவாலயத் தோட்டத்திலேயே அடக்கமானார். தந்தைக்குக் கிடைத்த அவ்விடம் மகனுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1803 சூலை 23 அன்று நடந்த கிளர்ச்சி தோற்றதும் பிடிபட்ட இராபர்ட், செப்டம்பர் 20 அன்று தாமஸ் தெருவில் தூக்கிலிடப்பட்டார், தலையும் துண்டிக்கப்பட்டது. கில்மைனம் சிறைக்குக் கொண்டுவரப்பட்ட உடலைப் பெற உறவினர் எவரும் வாராமையால், அருகிலிருந்த ‘புல்லீஸ் ஏக்கர்’ என்னும் ஏழையர் இடுகாட்டில் அது புதைக்கப்பட்டது என்பர். பின்னர் யாரோ அதனை மறைவாகப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் புதைத்தனர் என்பது மரபுச் செய்தி. அவ்வேறிடம் எது என்பதே வினா.

மூன்று விடைகள் வழங்கின. முதலாவது, குடும்பத்தார் அடங்கிய புனித பேதுரு தோட்டம். மற்றொன்று, கிளாஸ்னெவின் பழைய தேவாலயத் தோட்டம். 1832இல் திறக்கப்பட்ட பொதுத் தோட்டம் வேறு, இது வேறு. புனித மைக்கன் தேவாலயத் தோட்டம் மூன்றாவது. எம்மெட்டின் இறுதி நேரத்தில் உடனிருந்த காம்பிள் என்னும் குருவானவர் இத்தேவாலயத்தோடு தொடர்புடையவர். ஐக்கிய அயர்லாந்தினர் வரலாற்றை எழுதிய மேடன், 1803ஐ நேரில் கண்டோர் சிலர் உயிருடனிருந்த காலத்திலேயே இச்செய்திகளைத் திரட்டத் தொடங்கினார்.

புனித மைக்கன் தோட்டத்தில் எழுத்தேதும் பொறிக்கப்படாத கல்லொன்று உள்ளது. தம் நாடு உலக நாடுகளிடையே தனக்குரிய இடத்தைப் பெறும்வரை தமக்குக் கல்லறை வாசகம் எழுதவேண்டா என எம்மெட் நீதிமன்றத்தில் கேட்டுக்கொண்டார். எனவே எழுத்தில்லாக் கல் அவருடையதாகவே இருக்கவேண்டும் என மக்கள் கருதினர். எழுத்தின்மை இங்கே சான்றாகிவிட்டது. நடுகல் ஆய்வில் பழகியோர்க்கு, எழுத்தற்ற கல்லைச் சுற்றிக் கதை வளரும் இப்போக்குப் புதிதன்று.

நூற்றாண்டு நினைவையொட்டி 1903இல், இராபர்ட்டின் தமையனாருடைய பேரனான தாமஸ் அடிஸ் எம்மெட் இத்தேடலை மேற்கொண்டார். நியூயார்க்கில் வாழ்ந்த மருத்துவர் அவர். ஆவண ஆய்வோடு நில்லாது மண்ணையும் தோண்டிப் பார்த்தனர். எவ்விடத்தும் இராபர்ட்டின் உடல் என்று உறுதி செய்யத்தக்கது கிடைக்கவில்லை. ஆவணக் காப்பகம் எரிவதற்கு 19 ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த தேடல் இது. எனவே இத்தோல்விக்குத் தீயின்மேல் பழிபோட இயலாது.

பதிவேட்டில் பெயரில்லை, ஆகவே அங்குப் புதைக்கப்படவில்லை என வாதிடுவாருளர். இது ஏற்புடையதன்று. அரசத் துரோகி எனத் தண்டிக்கப்பட்டவரை இரவில் மறைவாகப் புதைக்க உடன்பட்ட குருவானவரோ கோயிற்பிள்ளையோ அதனைத் தம் கையாலேயே ஏட்டில் எழுதி வைத்திருப்பார் என எதிர்பார்க்க இடமில்லை. மறைவான அடக்கம் நிகழ்ந்தது உண்மையாயின் பதிவு இல்லாதிருப்பதே இயல்பு. ஆகவே ஏட்டின் மௌனம் மூன்று இடங்களுள் எதனையும் மறுக்கவில்லை, எதனையும் நிறுவவுமில்லை. தந்தையின் அடக்கத்தால் புனித பேதுரு தோட்டத்தின் பக்கம் சிறிது கூடுதல் வலிமை சேர்கிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ஆனால் அது அக்குடும்பத்துக்கு அங்கிருந்த உரிமைக்குச் சான்றேயன்றி, இராபர்ட்டின் உடல் அங்குண்டு என்பதற்குச் சான்றாகாது. அத்தேவாலயமும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டுவிட்டது.

தேடிய மருத்துவர் 1919இல் நியூயார்க்கில் மறைந்தார். அயர்லாந்து மண்ணில் அடங்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படி அவர் உடல் பின்னர்க் கிளாஸ்னெவின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் கல்லறையை இன்று எவரும் சென்று காணலாம்.