நிரல் திருத்தியில் தமிழ் எழுத்தும் தொடரும்: ‘தமிழ்99’ முதல் ‘எழில்’ வரை

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று சூரமங்கலம். சேலம் சந்திப்பு ரயில் நிலையம் இங்குள்ளது. எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஜாகீர் அம்மாபாளையத்தில் அமைந்துள்ளது. இப்பகுதியில் தமிழ்வழியில் கணினி அறிவியல் பயிலும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், 2019இல் நடைமுறைக்கு வந்த பாடநூலின்வழிப் பைத்தான் மொழியைக் கற்கிறார். நூலின் விளக்கம் தமிழில் உள்ளது; கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. நிரல் எழுதும் திரையில் தமிழுக்கு என்ன துணை கிடைத்தது என்பது அத்தகைய மாணவரை நேரடியாகத் தொடும் வினா.

எழுதுவதையும் இயக்குவதையும் ஒரே திரையில் இணைத்த டர்போ பாஸ்கல் 1983இல் வெளிவந்தது. சொல்லைத் தானே நிறைவுசெய்தல், பிழையான இடத்தைச் சுட்டுதல், சொல்வகைக்கேற்ப வண்ணமிடல் ஆகிய வசதிகள் பின்னர் நிரல் திருத்திகளில் பரவலாயின. இவை பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு குறியெண், ஒரே அகலம் என்னும் கணக்கில் உருவானவை. ஆங்கிலத்திற்கு அக்கணக்குப் பொருந்தும்.

தமிழுக்கு அது பொருந்தாமைக்குக் காரணம் குறியேற்ற முறையில் உள்ளது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி, இஸ்கி தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவைப் பின்பற்றித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதில் உயிர்மெய்க்குத் தனிக் குறியெண் இல்லை. அகரமேறிய மெய்யுடன் உயிர்க்குறியோ புள்ளியோ சேர வேண்டும். ‘நிரல்’ என்னும் சொல் இலக்கணப்படி மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறியெண். பிழை சுட்டும் குறி இந்த ஐந்தையே எண்ணி நகர்ந்தால், தமிழ் இடம்பெறும் வரியில் அது பிழையான இடத்திலிருந்து விலகி நிற்கக்கூடும்.

இதைவிட வியப்பானது பைத்தான் மொழிக்குள்ளேயே காணப்படும் முரண். 2008இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பு ‘நிரல்’ என்பதை மாறியின் பெயராக ஏற்கிறது. ஆனால் அம்மொழியின் உள்ளமைந்த தேடல் வாய்பாட்டில் ‘சொல்லெழுத்து’ எனக் குறிக்கப்படும் வகைக்குள் உயிர்க்குறியும் புள்ளியும் அடங்கவில்லை. அதனால் அதே சொல் அங்கே ‘ந’, ‘ரல’ என இரு துண்டாகிறது. வண்ணமிடவும் சொல் தேடவும் இத்தகைய வாய்பாடுகளை நம்பும் கருவி, தமிழ்ச் சொல்லைச் சிதைத்தே காட்டும்.

இலக்கணத்தை அறிந்து உதவும் கருவி தமிழில் தோன்றவே இல்லை என்று கொள்ளலாகாது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்திய ‘தமிழ்99’ விசைப்பலகை அத்தகையது. அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளை அழுத்தினால் ‘அம்மா’ கிடைக்கும். முதல் மகரத்தின் புள்ளி தானே விழும். ப, ந, த, உ என அழுத்தினால் ‘பந்து’. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரும்போது மெல்லினம் புள்ளி பெறும் என்னும் இனவெழுத்து மரபே இங்கு விசைப்பலகையின் விதியாயிற்று. புள்ளி வேண்டாத இடத்தில் இடையே அகரத்தை அழுத்தித் தடுக்கவும் வழியுண்டு. உதவி செய்யும் கருவி, உதவியை மறுக்கும் உரிமையையும் பயனருக்குத் தந்தது. பிற்காலத் திருத்திகள் பலவற்றில் இந்த நாகரிகம் குறைவு.

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழி சிக்கலை எழுத்திலிருந்து தொடருக்கு நகர்த்தியது. பைத்தானைக் கொண்டு அமைந்த இம்மொழி பற்றி 2009இல் கட்டுரை வெளிவந்தது. 2013இல் திறமூலமாக வெளியிடப்பட்டது. ஆங்கில நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வரும்; அதைத் தட்டியவுடன் திருத்தி எஞ்சிய கட்டமைப்பை நிரப்பித் தந்துவிடும். எழிலிலோ ‘@( வயது > 17 ) ஆனால்’ என எழுத வேண்டும். நிபந்தனை முன்னும் சொல் பின்னும் வருகின்றன. ‘மழை பெய்தால்’ என்பதில் நிபந்தனைப் பொருள் இறுதி விகுதியில் வெளிப்படுவதோடு இது ஒத்துப்போகிறது. ‘ஆனால்’, ‘வரை’, ‘ஆக’ ஆகிய மூன்றும் ஒரே தொடக்கத்தைப் பகிர்கின்றன. எழுதப்படுவது நிபந்தனையா சுழற்சியா என்பது பெரும்பாலும் அடைப்பு முடிந்த பின்னரே உறுதியாகும். எனவே எழிலுக்கான திருத்தி தொடக்கத்தில் ஊகிக்காமல், அடைப்பு முடியும்வரை காத்திருந்து பரிந்துரைக்க வேண்டும். ஆங்கிலக் கருவியில் சொற்பட்டியலை மட்டும் மாற்றி இதைப் பெற இயலாது. அச்சிடும் கட்டளையில் மட்டும் ‘பதிப்பி’ என்னும் ஏவல் முதலில் நிற்கிறது; எழில் ஆங்கில வரிசைக்கு இசைந்துவிட்ட இடம் அது.

எழிலோடு தொடர்புடைய ‘ஓப்பன் தமிழ்’ நிரலகம், குறியெண்களைக் கூட்டி இலக்கணம் கூறும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூறைக் கொண்டுள்ளது. திருத்தியின் கணக்கை அதன்மீது அமைத்தால் ‘நிரல்’ மூன்றெழுத்தாகவே எண்ணப்படும். ஆயினும் ‘ஔ’ என்னும் உயிரும், ‘ஒ’வை அடுத்து ‘ள’கரம் இட்ட ‘ஒள’வும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றிக் கணினிக்கு வேறாக நிற்பதை இப்பிரிப்பும் தீர்க்காது. ‘ஔடதம்’ என்ற பெயரில் ஒரு மாறியை அமைத்து, மற்றோரிடத்தில் ளகரமிட்டு எழுதிய மாணவருக்கு, அப்பெயரில் மாறி இல்லை என்னும் செய்தியே கிடைக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு வடிவங்களை வேறுபடுத்திக் காட்டி எச்சரிப்பது திருத்தி தானே செய்யவேண்டிய வேலை.